சுவரில் நின்ற ஹைப்பரோடாபிடான்

திருவொற்றியூரில் எங்கள் தெருமுனையில் ஒரு நீளமான சுவர். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அதையொட்டித்தான் வரிசையில் காத்துக் கிடக்கும். ஓட்டுநர்கள் இறங்கி எதற்கு ஒதுங்குவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. எதிரில் இட்லிக்கடை போட்டிருந்த அக்காவுக்குத்தான் பெரிய தொல்லை. அந்த நாற்றத்தில் யார் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்?

கேரம் கிளப் பையன்கள் சேர்ந்து சுவருக்கு வெள்ளையடித்தார்கள். வழக்கம்போல் சாமி படம் போடுவதாக ஏற்பாடு. வரைவது நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன். எட்டாவதிலிருந்து அழிந்துபோன ஊர்வனவற்றையே வரைந்துகொண்டிருப்பவன். எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பல்லுக்கார டைனோசர் மேல் எனக்கு ஆசை இல்லை. யாரும் கேள்விப்படாததுகள் மேல்தான் பாசம். ஒரு வாரம் என் பிராணிக்குச் சுவரைக் கொடுங்கள், பலிக்காவிட்டால் நானே அழித்துவிட்டுப் பிள்ளையார் வரைகிறேன் என்று கெஞ்சினேன். கிளப் கேப்டன் என் தோஸ்து. ஒப்புக்கொண்டான்.

ஹைப்பரோடாபிடானை வரைந்தேன். பன்றி அளவு உடம்பு, முக்கோணத் தலை, கிளி மாதிரி வளைந்த மூக்கு. அதன் நிறம் யாருக்கும் தெரியாது என்பதால் யாரோ கொடுத்த படகு பெயின்டில் பச்சையும் மஞ்சளும். தோஸ்து இடுப்பில் கைவைத்து வெகுநேரம் பார்த்தான்.

“இன்னா மாமு, பன்னிக்கும் கிளிக்கும் பொறந்தா மாதிரி கீது?”

ஆனால் சுவர் காய்ந்தே இருந்தது. வந்தவர்கள் கிட்டே போய், அதைப் பார்த்து, கொஞ்சம் யோசித்து, வேறு பக்கம் நடந்தார்கள். எல்லாம் என் ஓவியத்தின் மகிமை என்று மிதந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை பார்த்தால் அதன் நெற்றியில் குங்குமம், காலடியில் கற்பூரம் எரிந்த கறை. அக்காதான். ஏதோ அம்மனின் வாகனம் என்று நினைத்துவிட்டார். லாரிக்காரர்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்கள்.

தோஸ்து என்னை வாயை மூடிக்கொள்ளச் சொன்னான். சாமி இல்லை என்று தெரிந்தால் மறுபடி கலீஜ் பண்ணுவார்கள், அப்புறம் பிள்ளையார்தான். எனக்கோ அது சாமியாகப் பிழைத்திருப்பதைவிட அதுவாகவே தெரிய வேண்டும் என்று இருந்தது. அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். முதலைக்கும் டைனோசருக்கும் தூரத்துச் சொந்தம், செடிகொடி தின்னும், எலும்பு கோதாவரிப் பக்கம் கிடைத்தது, கீழ்த்தாடை மேல்தாடைப் பள்ளத்தில் கத்தி போல இறங்கும் என்று ஒரே மூச்சில்.

அக்கா இட்லித்தட்டை இறக்கிவைத்தார். “பாக்குவெட்டி கணக்கா?”

“அதேதான்க்கா.”

“சரி, வெச்ச பொட்டு இருக்கட்டும். பாவம், உசுரோட இருந்தப்ப யாரு வெச்சிருப்பா?”

மறுநாள் ஓர் ஆந்திரா லாரி வந்து நின்றது. ஓட்டுநருக்கு அவசரம், பொட்டைக்கூடச் சட்டை செய்யாமல் சுவரை நெருங்கிவிட்டார். என்னால் பார்க்க முடியவில்லை. அக்கா கடையிலிருந்தே குரல் கொடுத்தார்.

“இன்னா நைனா, அது உங்க ஊருக்காரன். கோதாவரில பொறந்தவன். அவன் மேலயேவா?”

அவர் அக்காவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். லுங்கியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் கோதாவரியா என்று தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார். நான் ஓடிப்போய்த் தாடையிலிருந்து ஆரம்பித்தேன். வாலுக்கு வருவதற்குள் அவர் கிளீனரைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்து, யாருக்கோ அனுப்பியும்விட்டார். அப்புறம்தான் வந்த வேலை ஞாபகம் வந்து, பெட்ரோல் பங்க் எங்கே என்று கேட்டு ஓடினார். திரும்பி வந்து அக்கா கடையில் வயிறார இட்லி சாப்பிட்டார்.

மிச்சச் சுவரும் எனக்கே என்று தோஸ்து அன்றைக்கே சொல்லிவிட்டான்.

“அடுத்தது ராஜஸ்தான் பக்கம் எதனா கீதா பாரு மாமு. அந்த வண்டிங்கதான் நெறைய நிக்குது.”

தேடிக்கொண்டிருக்கிறேன்.