கேவுருத் திரை

வெளிநாட்டிலிருந்து வந்தால் சென்ட் பாட்டில் கொண்டுவருகிற ரகம் அல்ல என் சித்தப்பா. தென்னாப்பிரிக்காவில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இரண்டு வருடம் மெஷின் மாட்டிவிட்டு, விடுமுறைக்கு நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, பெட்டியில் அழுக்குச் சட்டைகள்தான் இருந்தன. அம்மாவுக்கு அதில் வருத்தம். எனக்கு வார்த்தைகள் கொண்டுவந்திருந்தார். அங்கே ஆஃப்ரிகான்ஸ் என்று ஒரு பாஷையாம். அதில் பில்டாங் என்றால் நம் உப்புக்கண்டம். பாப் என்றால் மக்காச்சோளக் களி. பூரவோர்ஸ் என்றால், கொத்துக்கறியைக் குடலில் அடைத்து, முறுக்கு மாதிரி சுற்றிக் கரியில் சுடுவது.

"அங்க ஒரு ஊர்ல பூரவோர்ஸ் திரைன்னு ஒண்ணு உண்டு, கேட்டியா" என்றார். துணியும் கிடையாது, கம்பியும் கிடையாது. இங்கிலீஷ் பேசுகிறவர்களின் பக்கம் முடிந்து ஆஃப்ரிகான்ஸ் பேசுகிறவர்களின் பக்கம் தொடங்குகிற இடத்துக்கு, இங்கிலீஷ்காரர்கள் கேலியாக வைத்த பெயர். அதற்கு அந்தப் பக்கம் பேச்சும் வேறு, சாப்பாடும் வேறு.

ஏழாவது படிக்கிறவளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மறுநாளே நானும் ஒரு திரையைத் தொங்கவிட்டேன். டவுன்ஷிப் ஆர்ச்சைத் தாண்டினால் வடக்குத்து கிராமம். அங்கிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளைகள் 'வூடு' என்பார்கள், 'சொல்லிகினு' என்பார்கள். டிபன் பாக்ஸில் கேவுரு அடை இருக்கும். கேழ்வரகுக்கு அவர்கள் பெயர் கேவுரு. ஆகவே அந்த ஆர்ச்சுக்குக் 'கேவுருத் திரை' என்று பெயர் வைத்தேன். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. யாராவது 'வூடு' என்று வாயைத் திறந்தால் போதும், "திரைக்கு அந்தாண்டையா?" என்று பத்துப் பேர் கத்துவார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அந்த வடக்குத்துப் பிள்ளைகளில் ஒருத்திதான் என் உயிர்த்தோழி. அவள் அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட், என் அப்பா பெர்மனென்ட். அதெல்லாம் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் அம்மா முருங்கைக்கீரை போட்டுத் தட்டுகிற அடையில் பாதி தினமும் எனக்கு, என் இட்லியில் பாதி அவளுக்கு. அந்த அடைக்காகவே மத்தியான பெல்லுக்குக் காத்துக்கிடப்பேன். நான் கிளப்பிவிட்ட கேலி அவளையும் சேர்த்துத்தான் என்பது, சத்தியமாக, என் மண்டையில் ஏறவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் தயிர்சாதம் கொண்டுவந்தாள். மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையாடி?"

"வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றாள். இத்தனை நாள் 'வூடு' என்றவள்.

சாதத்தைக் கிளறிக்கொண்டே, "உங்க சித்தப்பா சொன்ன அந்த ஊர்ல, அந்தாண்ட இருக்கறவங்க சும்மாவா கேட்டுகினு இருந்தாங்க?" என்றாள்.

சித்தப்பா அதையும் சொல்லியிருந்தார். உற்சாகமாக எடுத்துவிட்டேன். அவர்கள் பதிலுக்கு இங்கிலீஷ்காரனைச் 'சௌட்டி' என்பார்களாம், அதாவது உப்புக்காரன். ஒரு கால் தென்னாப்பிரிக்காவில், ஒரு கால் இங்கிலாந்தில், நடுவில் உப்புக் கடல். எந்த ஊரிலும் முழுசாகக் கால் ஊன்றாதவன்.

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். "அப்ப நீங்க?"

"நாங்களா? நாங்க என்ன இங்கிலாந்துக்கா போறோம்? மே லீவுக்குத் திருநெல்வேலிக்குத்தானே போறோம்!" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவள் அடை கொண்டுவரவும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றாத மக்காக நான் இருந்தேன். சில வருடங்களில் அப்பா ரிட்டயரானார். குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆர்ச்சைத் தாண்டித் திருநெல்வேலிக்குக் கிளம்பினோம். வடக்குத்தில் அவள் வீடு அதே இடத்தில் அப்படியே இருந்தது. அப்போதுதான் 'அப்ப நீங்க?' என்ற அவள் கேள்வி எனக்குச் சுரீரென்றது.

ஆனால் அவள் கேட்ட அன்று சாயங்காலம், வீட்டுக்கு ஓடிவந்து பையைக்கூட இறக்காமல் நான் சொன்னது இதுதான்: "அவளுக்கு உங்க உப்புக்காரன் கதையே புரியல சித்தப்பா, பாவம்!"