வட்டக்கானலுக்குக் கரண்ட் வேண்டாம் என்றவர்

என் அப்பா கொடைக்கானலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன். வெள்ளைக்காரப் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடம். அதன் கேட்டுக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததால் இங்கிலீஷ் எனக்குக் காதில் விழுந்தே வந்துவிட்டது. எழுத வராது. பேசினால் புரியும், திருப்பிச் சொல்லவும் தெரியும். எழுபதுகளின் நடுவில் என்னை வட்டக்கானலில் கட்டிக் கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டார் நகையைப் பற்றிக்கூட அதிகம் பேசவில்லை. பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியுமா என்றுதான் இரண்டு தடவை கேட்டார்கள். படிப்பை மதிக்கிற குடும்பம் என்று அப்பா சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன பிறகுதான் காரணம் தெரிந்தது. அந்த வீட்டுக்கு வெளிப்பக்கமாக ஒரு அறை இருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரர் வாடகைக்கு இருந்தார். அவர் பேசுவது என் வீட்டுக்காரருக்குப் புரியவில்லை. அதற்காகத்தான் ஊர் ஊராகப் பெண் தேடியிருக்கிறார்கள்.

டவுனில் அவரைப் போன்றவர்களை ஹிப்பி என்பார்கள். டவுனுக்குக் கீழே எங்கள் சரிவில் அவருக்குப் பெயர் தொரை. தலைமுடி தோளுக்குக் கீழே தொங்கும். காலில் செருப்பு கிடையாது. வேட்டியைக் குளித்துவிட்டு வந்தவன் துண்டு சுற்றுகிற மாதிரி சுற்றியிருப்பார். குளிப்பது மட்டும் எப்போதாவதுதான். எங்கள் ஆட்களில் ஒருவன் அந்தக் கோலத்தில் டவுனுக்குள் போயிருந்தால் கடை வாசலில்கூட நிற்க விட்டிருக்க மாட்டார்கள். தோல் வெளுத்திருந்ததால் அவர் தொரை. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவருக்கு எழுந்து இடம் விடுவார்கள்.

மிஷினால் தன் நாடு கெட்டுப்போய்விட்டது, எளிமையாக வாழ்வதற்காக வந்திருக்கிறேன் என்று அவர் சொல்வார். மாதா மாதம் ஊரிலிருந்து அவருக்குப் பணம் வரும். அவரோடு ஒரு பெண் இருந்தாள். மனைவியா என்று நாங்கள் கேட்கவில்லை. ஒருநாள் எங்கள் துவைக்கிற கல்லில் அவருடைய சட்டையைப் போட்டுத் தேய்த்துக்கொண்டே, இவருடைய அப்பா என்ன செய்கிறார் தெரியுமா என்று கேட்டாள். ஃப்ரிட்ஜும் துணி துவைக்கிற மிஷினும் விற்கிற பெரிய கடையாம். சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. சோப்பை எடுத்து இன்னொரு தடவை தேய்த்தாள்.

அவர் ஒருவரோடு நிற்கவில்லை. ஒவ்வொரு சீசனுக்கும் நாலைந்து பேர் புதிதாக வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் குடித்த பாலும் தின்ற முட்டையும் அவர்கள் அறைகளுக்குப் போயின. ரேஷனில் கிடைக்கிற கொஞ்ச சீமெண்ணெயையும் நாங்கள் கேட்ட விலைக்கு வாங்கினார்கள். வாட்டில் மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்த ஆண்கள் மழை விட்டதும் காளான் பொறுக்கப் போக ஆரம்பித்தார்கள். மாடு மேய்கிற புல்வெளியில் சாணத்தில் முளைக்கிற காளான். அதைத் தின்றால் வெள்ளைக்காரர்களுக்குக் கடவுள் தெரிந்தாராம். என் வீட்டுக்காரர் கோடரியைப் பரணில் போட்டது அந்த வருஷம்தான். நோகாத சோலி கிடைத்த மனுஷனைத் திரும்ப மரத்தடிக்கு அனுப்ப எந்தப் பெண்டாட்டியாலும் முடியாது. என் வீட்டுக்காரரைப் பார்த்து இரண்டு இங்கிலீஷ் வார்த்தை கற்றுக்கொண்டவர்கள் எல்லோரும் கைடு ஆகிவிட்டார்கள். நானும் கேரட் காட்டுக் கூலிக்குப் போய்க்கொண்டு, வந்த நேரத்தில் தொரைக்கு மொழிபெயர்த்துக்கொண்டு இருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் கரண்ட் வரப்போகிறது என்று பேச்சு வந்தது. டவுனில் தெருவுக்குத் தெரு விளக்கு எரியும். கீழே எங்களுக்கு மாலை நாலு மணிக்கு மேகம் வந்து மூடினால் சிம்னி விளக்குதான். ஊர்ப் பெரியவர்கள் பல வருஷமாகக் கேட்டு, ஒருநாள் ஒரு இன்ஜினியர் இரண்டு ஆட்களோடு இறங்கி வந்தார். வரிசையாக முளைக்குச்சி அடித்துக்கொண்டே எங்கள் வாசல் வரை வந்துவிட்டார்கள். பெண்கள் எல்லோரும் வேலைக்குப் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தோம்.

தொரை வெளியே வந்தார். குச்சியைப் பார்த்தார், முகம் சிவந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு, அந்த ஆளிடம் சொல் என்று ஆரம்பித்தார். இந்தப் பள்ளத்தாக்கைப் போல உலகத்தில் வேறு இடம் இல்லை. இதன் குறுக்கே கம்பி இழுப்பது பாவம். இந்த மக்கள் இப்போது இருக்கிறபடியே சந்தோஷமாக இருக்கிறார்கள், அவர்களுக்கு இது வேண்டாம். இதையெல்லாம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சொன்னார்.

நான் இன்ஜினியரிடம் திருப்பிச் சொன்னேன்: "கரண்ட் வேண்டாம்ங்கிறாரு சார். நாங்க இப்படியே சந்தோசமா இருக்கோமாம். அது அவரு சொல்றது. நாங்க அப்படிச் சொல்லல."

இன்ஜினியர் என்னைப் பார்க்கவே இல்லை. அவருக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். தொரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு எஸ் சார், எஸ் சார் என்று நின்றார். எங்கள் ஆட்கள் மனு மேல் மனுவாகக் கொடுத்தபோது உட்காரச் சொல்லாத மனுஷன் அவர். அன்றைக்கு ஒரு வாடகைக்காரர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு பேசிய பேச்சுக்கு அளவு எடுப்பதை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். தொரை டவுனில் இருந்த மற்ற வெள்ளைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போய் ஆபீசில் ஆட்சேபணை சொன்னார் என்று பிறகு கேள்விப்பட்டோம். எங்களுக்கென்று வந்த கம்பங்கள் மேட்டில் ஒரு மெட்ராஸ் பணக்காரர் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த வீட்டில் வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆளே இருக்காது. அந்தக் கம்பியை மட்டும் பாவம் என்று யாரும் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இதில் வருத்தமே இல்லை. "கரண்டு வந்தா இவங்கள்லாம் போயிருவாங்க. அப்புறம் நீ எதத் திம்ப?" என்றார். நீங்க மரம் வெட்டுன காலத்துல எதத் தின்னமோ அதத் திங்கிறேன் என்றேன். இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தார். வீடு நிம்மதியாக இருந்தது.

அடுத்த ஐப்பசி மழையில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கை வெந்தது. என் வயதுதான் அவளுக்கும். பகலே இருட்டிக் கிடந்ததென்று சிம்னியை ஏற்றியிருக்கிறாள். காற்றில் கதவு அடித்து விளக்கு உருண்டது. பிள்ளை படுத்திருந்த சாக்கில் தீ பிடித்ததும் வெறுங்கையால் அடித்து அணைத்தாள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுடைய இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்துவிட்டது.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம். தொரையும் வந்தார். ஏதோ இலையை அரைத்து எடுத்து வந்து, ஆஸ்பத்திரி மருந்து எல்லாம் விஷம், கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டால் வலி தெரியாது என்று சொல்லி அவளுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவர் என்ன சொல்கிறார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். சொன்னேன்.

"அவர எந்திரிச்சு வழிய விடச் சொல்லு," என்றாள். "ஆஸ்பத்திரிக்கு வெரசா கொண்டு போங்க."

அதைச் சொல்லில் ஒன்றும் குறைக்காமல் மொழிபெயர்த்தேன். அவளை நாற்காலியில் உட்கார வைத்து மழையில் மேடு ஏற்றித் தூக்கிப் போனோம். காயம் ஆறப் பல மாதம் ஆனது. ஆறிய பிறகும் விரல்கள் முழுசாக மடங்கவில்லை. பூண்டுக் காட்டில் அவளை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள்தான் எங்களைக் கூட்டியவள். ஆண்களை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நாமே போவோம் என்றாள். ஒருநாள் காலையில் வெள்ளனே சோறு பொங்கித் தூக்கில் எடுத்துக்கொண்டு பெண்கள் மட்டும் டவுனுக்கு ஏறினோம். கரண்ட் ஆபீசில் அந்த இன்ஜினியர் இல்லை, அவருக்கு மேலே உள்ளவர் இருந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை. வாசலுக்கு வந்து, என்னம்மா கூட்டமா என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம்.

"உங்க ஊர்ல வெள்ளைக்காரங்க ஆட்சேபணை பண்ணியிருக்காங்களே. அவங்க ஒத்துக்கிட்டாங்களா?" என்றார்.

சுதந்திரம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். இந்த ஆபீசுக்கு யாரும் வந்து சொல்லவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். வாயில் வந்தது வேறு.

"அவரு வாடகைக்கு இருக்காரு சார். வீடு எங்களது," என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரி முன்னால் வந்தாள். அவர் முகத்துக்கு நேரே இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அவர் வேறு பக்கம் பார்த்தார். நாங்கள் படியிலேயே உட்கார்ந்தோம். மத்தியானம் அங்கேயே தூக்கைத் திறந்து சாப்பிட்டோம். உள்ளே போக வந்தவர்கள் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஆபீஸ் மூடுகிற நேரத்தில் அவர் வெளியே வந்து, வேலையைத் தொடங்கச் சொல்கிறேன் என்றார். நம்பவில்லை. அடுத்த வாரமும் போய் உட்கார்ந்தோம், அதற்கடுத்த வாரமும் போனோம். கடைசியில் எங்கள் தொல்லை தாங்காமல்தான் கம்பம் வந்தது. எண்பதுகள் பிறந்திருந்தன.

பக்கத்து வீட்டில் முதல் பல்பு எரிந்தபோது அவள் அதற்குக் கீழே நின்று அழுதாள். நானும் அழுதேன். தொரை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தார். இழவு வீடு மாதிரி இருந்தது அந்த அறை.

ஒரு வாரம்தான். பிறகு அவர் என் அடுப்படி வாசலுக்கு வந்து நின்றார். கையில் ஒரு கேசட் பிளேயர். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, உங்கள் வீட்டில் பிளக் இருக்கிறதா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மூச்சுப் பயிற்சிக்கு உதவுகிற கேசட்டாம். நான் பிளக்கைக் காட்டினேன். போட்டார். ஓடை ஓடுகிற சத்தம் வந்தது. நடுநடுவே குருவி கத்தியது. அவருடைய ஊரில் யாரோ பதிவு செய்து விற்கிறார்களாம். எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடை ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் இதைக் கேட்டார். அவரோடு இருந்த அந்தப் பெண் வாசலில் நின்று பார்த்தாள். அந்த மாதமே மூட்டை கட்டிக்கொண்டு தன் நாட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என் கையைப் பிடித்து, நான் முதலிலேயே போயிருக்க வேண்டும் என்றாள்.

அவரும் அடுத்த சீசனுக்கு இல்லை. இந்த ஊர் கெட்டுவிட்டது, வடக்கே மலையில் இன்னும் கெடாத ஒரு கிராமம் இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அந்தக் கிராமத்துப் பெண்களை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. வெள்ளைக்காரர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்களோடு மெட்ராஸ்காரர்களும் பம்பாய்க்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். தொரை பேசிய அதே பேச்சை நம் ஊர் இங்கிலீஷில் பேசினார்கள். அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் வீட்டுக்காரருக்கு வியாபார மூளை வந்தது. ஒருநாள் நான் காட்டிலிருந்து திரும்பி வந்தபோது வெளியறையில் பல்பைக் காணோம். சுவிட்சு மேல் பாயைத் தொங்க விட்டிருந்தார். எதிரே ஒரு வெள்ளைக்காரனும் அவன் சிநேகிதியும் நின்றார்கள். "நோ கரண்ட், நோ கரண்ட், வெரி நேச்சர்," என்று அவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாத அறைக்கு வாடகை அதிகமாம்.

அவர் சட்டைப் பையிலிருந்து பல்பை நானே எடுத்து மாட்டி, பாயை விலக்கி சுவிட்சைப் போட்டேன். வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நன்றி சொல்லிவிட்டு மேல் வீட்டுக்கு ஏறிப் போனார்கள். அங்கே அவர்கள் போய்ச் சேரும் முன்பே யாரோ பல்பைக் கழற்றி வைத்திருந்தார்கள்.