துசியந்தியின் ஆறு சாப்பாட்டுப் பெட்டிகள்

துசியந்தி தன் நாலு வயது மகன் றொஷானைப் பட்டினி போட்டாள் என்று லண்டன் கவுன்சிலின் பிள்ளைகள் நலப் பிரிவு எழுதியது. பிறகு, அளவுக்கு மீறி ஊட்டுகிறாள் என்றும் எழுதியது. இரண்டும் ஒரே கோப்பில், பக்கத்துப் பக்கமாகச் சமாதானமாய்க் கிடந்தன.

முதலாவது முழுப் பொய்யல்ல. புருசன் விட்டுப்போன வருடம் விடியற்காலையில் கிளீனிங் ஷிப்டுக்கு ஓடுவாள்; பிள்ளை பிஸ்கட்டோடு தனியே கிடக்கும். அயல்வீட்டார் முறையிட்டதும் பிள்ளையை வேறொரு குடும்பத்தின் பராமரிப்பில் விட்டார்கள். இப்போது கவுன்சில் கேட்டது அதைவிடப் பெரிது: தாயின் உரிமையை நீக்கி, றொஷானைத் தத்துக்கொடுக்க வேண்டும்.

வழக்கு முடியும்வரை வாரத்தில் மூன்று நாள், கண்காணிப்புக்கு ஒருவர் இருக்க, மகனைப் பார்க்கலாம். துசியந்தி ஒவ்வொரு முறையும் ஆறு பெட்டிகளோடு போனாள். இடியப்பம், சொதி, முட்டைப் பொரியல்.

"ஆ காட்டு ராசா, இதுதான் கடைசி வாய்."

கடைசி வாய் ஒன்பது தடவை வந்தது. கண்காணித்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒன்பதையும் எழுதிக்கொண்டார்.

நீதிமன்றத்தில் கவுன்சில் வக்கீல் கேட்டார்: "பிள்ளை தானாகச் சாப்பிடப் பழக வேண்டாமா?"

"அவனை வீட்டுக்கு விடுங்கோ, பழக்கிறன்," என்றாள் துசியந்தி. மொழிபெயர்ப்பாளர் முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

அடுத்து கண்காணிப்புப் பெண்மணி கூண்டேறினார். துசியந்தியின் வக்கீல் எழுந்தார்.

"எத்தனை சந்திப்புகள்?"

"எழுபத்தொன்று."

"இவர் எத்தனைக்குப் பிந்தினார்?"

"ஒன்றுக்கும் இல்லை. நான்தான் இரண்டு முறை பிந்தினேன்."

"சாப்பாடு அதிகம் என்கிறீர்களே?"

"அதிகம்தான். எனக்கும் சேர்த்தல்லவா கொண்டுவருவார்!"

நீதிபதி குனிந்து எதையோ தேடினார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

பின்னேரம் தீர்ப்பு வந்தது. பகல் வேலைக்கு மாறியிருக்கிறாள், நர்சரியில் இடம் எடுத்திருக்கிறாள், எழுபத்தொரு முறையும் நேரத்துக்கு வந்திருக்கிறாள். கவுன்சிலின் விண்ணப்பம் தள்ளுபடி. ஒரு வருடம் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள். பிள்ளை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு.

வீடு இருக்கும் டூட்டிங்குக்குப் போக நொதேண் லைன் சுரங்க ரயிலில் ஏறினாள். கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். எதிரே இருந்தவர் இடம் மாறினார். திடீரென்று ரயில் சுரங்கத்தை விட்டு வெளிச்சத்துக்கு வந்தது. டூட்டிங் போகும் வழி முழுக்கச் சுரங்கம்; வெளிச்சமே கிடையாது.

இறங்கி, ஹரோவில் இருக்கும் அண்ணன் ஸ்ரீதரனுக்கு போன் எடுத்தாள்.

"என்னடி நடந்தது? எங்க நிக்கிறாய்?"

"கோல்டர்ஸ் கிரீனாம். போர்ட்டில எழுதிக் கிடக்கு."

"விசரி, உன்ர வீடு மற்றப் பக்கமெல்லோ!"

"ஓம் அண்ணை. றொஷான் வெள்ளிக்கிழமை வாறான்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அசையாம நில்லு. நான் காரில வாறன்."

"பெரிய காரைக் கொண்டு வாங்கோ. கடை பூட்டுறதுக்கு முன்னம் அவனுக்கு ஒரு கட்டில் வாங்கவேணும்."