நிலாவில் செருப்புக் கால்

1. தாஜ்மகால் போய் நிலா வந்தது

மனிதன் நிலாவில் இறங்கிய அதே வாரம் என் ஸ்டூடியோவில் தாஜ்மகாலை அழித்தேன். இரண்டும் 1969-இல் நடந்தவை. முதலாவதைப் பற்றி எல்லாப் பத்திரிகைகளும் எழுதிவிட்டன. இரண்டாவதை நானே எழுதினால்தான் உண்டு.

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில், தேக்கா சந்தைக்குப் பக்கத்தில் என் போட்டோ ஸ்டூடியோ இருந்தது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். கப்பலில் வந்து, ஒரு சீனர் ஸ்டூடியோவில் லென்ஸ் துடைத்து, பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்து, சொந்தக் கடை போட்டவன். கேமராவை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

அந்த வருஷத்தை இன்றைய பிள்ளைகள் புத்தகத்தில் படிக்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. உலகத்தில் எது நடந்தாலும் கடைசியில் என் கேமரா முன்னால்தான் வந்து உட்கார்ந்தது. பொங்கலோடு மெட்ராஸ் ராஜ்யம் தமிழ்நாடு ஆயிற்று. குடும்பப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பி, உறையின்மேல் அந்தப் புதுப் பெயரை ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே வந்தவர்கள் உண்டு. வெள்ளைக்காரன் ராணுவத் தளங்களைக் காலி செய்யப் போகிறான் என்று உறுதியானதும் பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வாசல்வரை வரிசை நின்றது. நவீன சிங்கப்பூருக்கு நூற்றைம்பது வயது என்று ஊரெல்லாம் விளக்குப் போட்டார்கள். ஏதோ தங்களுக்கே நூற்றைம்பது வயது ஆனதுபோல் பவுடர் பூசிக்கொண்டு வந்தார்கள் ஜனங்கள். பையன்கள் முடியை வளர்த்தார்கள், பெண்கள் பாவாடையைக் குறைத்தார்கள். நான் அதற்கேற்ப லைட்டை ஏற்றி இறக்கினேன். உலகம் மாறிக்கொண்டே இருந்தது. படம் எடுக்கும்போது கண்ணை மூடாமல் இருக்க மட்டும் யாரும் பழகவில்லை.

பிறகு நிலா. சாப்பாட்டுக் கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். அப்புறம் டிவியில் படம் காட்டினார்கள். எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். நான் ஒருவன்தான் சொன்னேன்: "லைட்டிங் சரியில்ல."

அன்றைக்கே என் பின்திரையில் இருந்த தாஜ்மகாலின்மேல் சாம்பல் பெயிண்டை அடித்தேன். பள்ளங்கள் போட்டேன். தரையில் சிமெண்டுத் தூளைக் கொட்டினேன். மூலையில் பூமி உருண்டையை வரைந்து, அதில் சிங்கப்பூரை இந்தியா அளவுக்குப் போட்டேன். புள்ளியாகப் போட்டால் இங்கே இருப்பவன் எவன் காசு கொடுப்பான்? அமெரிக்காக்காரனுக்கு இதற்கு ராக்கெட் தேவைப்பட்டது. எனக்கு ஒரு ஏணி போதுமாக இருந்தது.

2. க்ரேன் ராமையா

ராமையா செம்பவாங் கடற்படைத் தளத்தில் க்ரேன் ஓட்டியவர். வயது முப்பத்தைந்தை நெருங்கிவிட்டது. தளம் மூடுவதற்குள், வேலையில் இருக்கிறான் என்று சொல்ல முடிகிறபோதே, பெண் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

"பாஸ், சாதாரணமா ஒண்ணு எடுங்க. பொண்ணு வீட்டுக்கு அனுப்பணும்."

"சாதாரணமா எடுத்து அனுப்பினியே ரெண்டு, அது என்ன ஆச்சு?"

"ரெண்டு எடமும் தட்டிப் போச்சு."

"பின்ன? நிலாவுல நில்லு."

"நிலாவா? நான் க்ரேன் ஓட்டுறவன்லா பாஸ்."

"க்ரேன்ல ஏறினவன் பாதி தூரம் போயிட்டான். மீதிய நான் பாத்துக்கறேன்."

கோட்டு என்னுடையது. டை என்னுடையது. ஷூவும் என்னுடையதுதான், முன்பக்கம் பேப்பர் திணித்துக் கொடுத்தேன். ஒரு காலை முன்னால் வைத்து நிற்கச் சொன்னேன். படம் விழுந்தது பாருங்கள், அவரைப் பெற்ற தாயே எழுந்து நின்றிருப்பாள்.

3. தாய்மாமன் வந்தார்

ஒரு மாதம் கழித்துக் கடைக்குள் ஒருவர் புயல்போல் நுழைந்து, அந்தப் படத்தை மேசைமேல் வைத்தார். பெயர் கோவிந்தசாமி. கேலாங்கில் மாவு மில் வைத்திருப்பவர். பெண்ணின் தாய்மாமன், இந்தச் சம்பந்தத்தைப் பேசியவர். படத்தை ஊரிலிருந்து அவருக்கே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"இத எடுத்த புண்ணியவான் நீங்கதானா?"

"நானேதான். இன்னும் ரெண்டு காப்பி வேணுமா?"

"காப்பியா? பொண்ணுக்குக் கடக ராசிங்க. சந்திரன்தான் ராசிநாதன். நவக்கிரகத்துல ஒருத்தரு. அவரு மேல இந்த ஆளு செருப்புக் காலோட நிக்கிறாரு! எங்க மச்சான் கேக்குறாரு, சந்திரனையே மிதிக்கிறவன் நாளைக்கு எம் பொண்ண மிதிக்க மாட்டானான்னு."

"அது ஷூ. செருப்பு இல்ல."

"ஏன், ஷூவுக்குத் தனிச் சொர்க்கமா?"

"அமெரிக்காக்காரன் நிக்கலையா?"

"அவனுக்கு நாங்க பொண்ணு குடுக்கலீங்களே!"

நான் படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். வம்பு வந்தால் நான் தொழிலைப் பேசுவேன்.

"ஷூதானே பிரச்சனை? எடுத்துடறேன்."

"மாப்பிள்ள டியூட்டில இருக்காரு. எங்கூட்டாளி சாயங்காலம் கப்பல் ஏறுறான். அவங்கிட்டக் குடுத்தனுப்பினாத்தான் உண்டு. இது போச்சுன்னா மச்சான் உள்ளூர்லயே ஒருத்தனுக்குப் பேசி முடிச்சுடுவாரு."

"மாப்பிள்ள எதுக்கு? கால எடுக்கப் போறதில்ல, ஷூவத்தான்."

நெகட்டிவை எடுத்தேன். அதில் எல்லாம் தலைகீழ். படத்தில் கறுப்பாக இருப்பது நெகட்டிவில் வெறும் கண்ணாடிபோல் இருக்கும். அங்கே பென்சிலால் எழுதினால் படத்தில் வெளுப்பாக வரும். பூதக்கண்ணாடியை வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால், ஷூ இருந்த இடத்தில் பாதம் வரைந்தேன். குதிகால், நரம்பு, நகம் எல்லாம் போட்டேன். ஈரம் காயாத பிரிண்டைக் கோவிந்தசாமி கையில் கொடுத்தேன். கோட்டு, டை, வெறுங்கால். கோயிலுக்குப் போகிற கவர்னர் மாதிரி இருந்தார் ராமையா.

கோவிந்தசாமி படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார்.

அடுத்த கடிதத்தில் சம்மதம் வந்தது. சம்மதம் மட்டுமல்ல, சந்தோஷமும் வந்தது. மாப்பிள்ளைக்கு இடது காலில் ஆறு விரலாமே, ஆறு விரல்காரனுக்கு அதிர்ஷ்டம் வீடு தேடி வருமே என்று பெண்ணின் அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டாராம்.

நான் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். ஆறுதான். இதைச் சிலர் தவறு என்பார்கள். எனக்கு எப்போதும் கொஞ்சம் தாராளமான கை.

ராமையா ஓடி வந்தார்.

"பாஸ், ஆறாவது வெரலுக்கு நான் எங்க போறது?"

"ஷூ போட்டுக்கோ."

"அதத்தானே வேணாம்னாங்க!"

"சரி, கல்யாணத்துல எவன் உன் கால்விரல எண்ணப் போறான்?"

அவர் கப்பல் ஏறிப் போனார்.

4. வெள்ளத்துக்குப் பிறகு

டிசம்பரில் மழை கொட்டி ஊரே வெள்ளக்காடானது. கடைக்குள் தண்ணீர் புகுந்து என் நிலாவின் அடிப்பாகம் ஊறிப்போயிற்று. நிலாவில் ஈரம் உண்டு என்று விஞ்ஞானிகள் பிற்காலத்தில் பெரிதாகச் சொன்னார்கள். நான் அந்த டிசம்பரிலேயே பார்த்துவிட்டேன்.

தண்ணீர் வடிந்து கடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது ராமையா வந்தார். கூடவே ஒரு பெண், கழுத்தில் புது மஞ்சள் கயிறு. வசந்தா.

"நீங்கதான் வெரல் அண்ணனா?" என்றாள்.

"கல்யாணம் நல்லபடியா நடந்துச்சா?" என்று கேட்டேன். விளக்குமாற்றை மட்டும் கீழே வைக்கவில்லை. மழைக்காலம்.

"நடந்துச்சு. மாப்பிள்ளைக்குக் கால் கழுவுவாங்கள்ல? அப்பா சொம்போட குனிஞ்சாரு. வெரல எண்ணுறாரு. திரும்பவும் எண்ணுறாரு. சொம்பக் கீழ வச்சுட்டு, 'மாப்ளே, போட்டோல ஆறு இருந்துச்சே'ங்கிறாரு. ஊரே எட்டிப் பாக்குது."

நான் ராமையாவைப் பார்த்தேன்.

"உங்கள மாட்டி விட்டுடலாம்னுதான் பாஸ் நெனச்சேன். ஆனா வாயில வேற வந்துருச்சு. 'நிலாலேருந்து திரும்புறப்ப வெயிட் ஜாஸ்தின்னாங்க மாமா, ஒண்ண அங்கயே விட்டுட்டு வந்துட்டேன்'னேன்."

"நாந்தான் மொதல்ல சிரிச்சேன்" என்றாள் வசந்தா. "கல்யாணப் பொண்ணு இப்படிச் சிரிக்கலாமான்னு அத்தை தொடையக் கிள்ளுச்சு. அதுக்குள்ள பந்தலே சிரிச்சுருச்சு. அப்பா எம்மூஞ்சியப் பாத்தாரு. சொம்ப எடுத்து, இருந்த அஞ்சையும் நல்லாவே கழுவுனாரு."

அவர்களை நிலாவில் நிறுத்தினேன். ராமையா பழக்கதோஷத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றியிருந்தார். வசந்தா தேக்காவில் வாங்கிய புதுச் செருப்போடு வெள்ளத்தில் இறுகிப்போன சிமெண்டில் ஏறி நின்றாள்.

"செருப்பக் கழட்டிக்கோம்மா. ஊருக்கு அனுப்புற படம்."

"இது ஊருக்கு இல்லண்ணே. எங்க வீட்டுக்கு. எடுங்க."

எடுத்தேன். ஷோகேசில் வைத்தேன். அதன்பிறகு பெண் பார்க்கும் படத்துக்கு வந்த பல பெண்கள், "அந்த அக்கா மாதிரி செருப்போட" என்று கேட்டார்கள். மனிதன் நிலாவுக்குப் போனதால் சிராங்கூன் ரோட்டில் நடந்த மாறுதல் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்த வருஷத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். மூக்கை நேராக்குங்கள், மருவை எடுங்கள், வழுக்கையில் முடி நடுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் நெகட்டிவில் பென்சில் வைக்கும் முன், அந்த உறுப்பை ஊரே கூடி நின்று கழுவிப் பார்க்கும் சடங்கு ஏதும் உண்டா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.