மிளகாய் மில்லில் ஒரு கம்ப்யூட்டர் ஃபேன்

சிங்கப்பூரில் பிடோக் பக்கம் இருக்கும் என் மகள் புதுக் கம்ப்யூட்டர் ஒன்றைத் தானே பாகம் பாகமாகப் பூட்டிக்கொண்டிருக்கிறாள். அதைக் குளிர்விக்க ஃபேன் போதுமா, தண்ணீர் ஓடும் குழாய் வைத்த கூலர் வாங்கலாமா என்று பல நாளாக யோசனை. "ஃபேன்னா ஃபேன்தானே, எதப் போட்டா என்ன லா" என்றார் மாப்பிள்ளை. பாவம், அவர் சும்மாதான் சொன்னார். எனக்குத்தான் சுள்ளென்று ஏறியது. எண்பதுகளின் நடுவில், சிராங்கூன் சாலைக்குப் பின்சந்தில் இருந்த மசாலா மில்லில் இதே வார்த்தையைக் கேட்டிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அங்கே பாக்கெட் போடும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். என்னோடு மூன்று பெண்கள். முன்னால் மெஷின் மிளகாய் அரைக்கும், பின்னால் நாங்கள் தூளை அள்ளி நிறுத்துக் கட்டுவோம். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. சில மாதங்களிலேயே எனக்கு இழுப்பு வந்துவிட்டது. தூளை விட்டு விலகாவிட்டால் நெஞ்சு நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்று டாக்டர் சொன்னார். சொல்வது சுலபம். வீட்டில் சம்பாதிப்பவள் நான் ஒருத்திதான்.

அந்த நேரத்தில்தான் முதலாளி கம்ப்யூட்டர் வாங்கினார். பக்கத்துக் கடைக்காரர் ஒன்று வாங்கிவிட்டார், இவருக்குப் பொறுக்கவில்லை. சமூக மன்றத்தில் மாலை வகுப்புக்குப் போய் நான் கொஞ்சம் கற்றிருந்ததால் என்னை அதன் முன்னால் உட்கார வைத்தார். பலகைத் தடுப்பு, ஒரு கதவு, பின்சந்துப் பக்கம் பார்த்த சன்னல். இழுப்பு பாதியாகக் குறைந்தது. அந்தப் பெட்டி நன்றாக ஓடும்வரைக்கும் நான் மூச்சு விடலாம். அது படுத்தால் நான் மறுபடி மிளகாய்க்குத்தான் போகவேண்டும்.

அது படுக்கத்தான் செய்தது. மதியத்துக்குள் திரை அப்படியே அசையாமல் நின்றுவிடும். காரணம் முதலாளியின் மனைவி. டிவிக்குப் போடுவதுபோல் பூப்போட்ட துணியில், ஓரத்தில் லேஸ் வைத்து அதற்கு உறை தைத்துக் கொடுத்திருந்தார். திரைக்கு மட்டும் ஒரு ஓட்டை. வேலை செய்யும்போதும் கழற்றக்கூடாது, தூசி படுமாம். மூடியில் கை வைத்தால் சுட்டது.

பெட்டியை விற்றவரைக் கூப்பிட்டோம். அவர் உறையைப் பார்த்துச் சிரித்தே விட்டார். உறையை எடுத்துவிட்டுக் கூடுதலாக ஒரு ஃபேன் போடுங்கள் என்றார். நான் ஒரு சனிக்கிழமை ரோச்சோர் பக்கத்து மின்பொருள் கடைகளில் ஏறி இறங்கினேன். சின்ன ஃபேன் வேகமாகச் சுற்றும், காதைக் குடையும். பெரியது நிதானமாகச் சுற்றிக் கூடுதல் காற்றைத் தள்ளும். சூட்டில் நாள்பட உழைக்க வேண்டுமென்றால் உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும் பேரிங் வேண்டும். எல்லாவற்றையும்விட, காற்று எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதுதான் முக்கியம். தூசி உள்ள இடத்தில் காற்றை வெளியே இழுத்தால், பெட்டியின் ஒவ்வொரு இடுக்கும் தூசியை உள்ளே வாங்கும். சன்னல் பக்கக் காற்றை ஸ்பாஞ்சில் வடிகட்டி உள்ளே தள்ளினால், உள்காற்று இடுக்கு வழியாக வெளியே வந்து தூசியைத் தடுக்கும். கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டு, உள்ளங்கை அகலத்தில் ஒன்றை ஸ்பாஞ்சோடு வாங்கி வந்தேன்.

முதலாளியின் மச்சான் அதைக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அவர் ஏசி மாட்டும் ஏர்கான் வேலை பார்ப்பவர்.

"சூட்ட வெளிய இழுக்கணுமா, உள்ள ஊதணுமா? சமையக்கட்டுல எக்ஸாஸ்ட் எப்படி இருக்கு?"

"அண்ணே, இங்க மிளகாத்தூள் பறக்குது. இழுத்தா அத்தனையும் உள்ள போயிடும்."

"ஃபேன்னா ஃபேன்தான். நான் போடறேன்."

முதலாளி என்னைப் பார்த்து, "அவனுக்குத் தெரியும்மா, நீ டைப் அடிக்கிற வேலையப் பாரு" என்றார். அன்றைக்கே அந்த ஆள் உறையை உருவிப் போட்டுவிட்டு, ஏதோ பழைய மெஷினில் கழற்றிய பெரிய ஃபேன் ஒன்றைக் கொண்டுவந்து, வெளியே இழுக்கும்படி மாட்டினார். என் ஃபேன் மேசை டிராயருக்குள் போனது.

பெட்டி குளிர்ந்தது. திரை நிற்கவில்லை. பார்த்தாயா என்று மச்சான் வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்தார். தீபாவளி ஆர்டர்கள் குவிந்த வாரத்தில் கணக்கு பதிந்து வைத்த டிஸ்க் ஒவ்வொன்றாகக் கீறிக்கொண்டு போனது. அப்புறம் பெட்டி எழவே இல்லை. மூடியைத் திறந்தோம். உள்ளே எல்லாம் செக்கச்செவேலென்று படிந்திருந்தது. மச்சான் குனிந்து பார்த்துவிட்டுத் தும்மோ தும்மென்று தும்மினார். யாரும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீதானே முன்னாடி உக்காந்திருந்த? பாத்துக்க மாட்டியா?" என்று முதலாளி என்மேல் பாய்ந்தார். ரிப்பேராகி வரும்வரை பாக்கெட் போடப் போகச் சொன்னார்.

போனேன். ஒரே வாரத்தில் இழுப்பு திரும்ப வந்தது. அஞ்சு மணிக்கு வேலை முடிந்து பஸ் ஏறினால் பேசக்கூட மூச்சு இருக்காது. பக்கத்தில் நின்று கட்டும் மூத்த அக்கா தன் ஃபிளாஸ்கிலிருந்து எனக்கு வெந்நீர் ஊற்றிக் கொடுப்பார். அவருக்கும் இருமல்தான், என்னைவிட மோசம்.

பெட்டி திரும்பி வந்தது. இந்த முறை முதலாளி செலவுக்கு அஞ்சவில்லை. கண்ணாடி ரூம், ஏர்கான், டிராயரில் கிடந்த என் ஃபேன், அதன் ஸ்பாஞ்ச், எல்லாம் மாட்டியாயிற்று. நானும் உள்ளே வந்துவிட்டேன். ஒரே ஒரு சட்டம்: பாக்கெட் போடும் பெண்கள் உள்ளே வரக்கூடாது. அவர்கள் துணியில் தூள் இருக்குமாம்.

வாரம் ஒருமுறை அந்த ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலச வேண்டும். முதல் தடவை அலசியபோதே தண்ணீர் சிவப்பாக ஓடியது. அக்கா பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"இது ஒரு வாரத்துக்கா?"

"ஆமாக்கா. அதுவும் கண்ணாடி ரூமுக்குள்ள."

அவர் தன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். என்னால் சும்மா நிற்க முடியவில்லை. சொட்டச் சொட்ட ஸ்பாஞ்சை எடுத்துப் போய் முதலாளி முன்னால் பிழிந்து காட்டினேன். மிளகாய் அரைக்கும் மெஷினுக்கு மேலே தூளை இழுத்து வெளியே தள்ள ஒரு பெரிய ஃபேன் போடுங்கள், இவர்களுக்கு நல்ல முகமூடி வாங்கிக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"அவங்க பழகிட்டாங்கம்மா. கம்ப்யூட்டர்தான் தாங்காது."

நேரே போய்க் கண்ணாடிக் கதவை அகலத் திறந்தேன். பாக்கெட் போடும் மூன்று பேரையும் உள்ளே வரச் சொன்னேன். தயங்கித் தயங்கி வந்தார்கள். அக்காவை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"கதவச் சாத்தும்மா! மெஷினுக்குத் தூசி ஆகாது."

சாத்தினேன். உள்ளே நாங்கள் நாலு பேர், வெளியே அவர். கதவைத் திறந்தால் தூசி போகுமென்று கண்ணாடியைத் தட்டி, நாளையிலிருந்து நீ வேலைக்கு வர வேண்டாம் என்று கத்தினார்.

"சரி முதலாளி" என்றேன். "இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் நாங்க இங்கதான் இருப்போம்."