அப்பா பென்சிலில் நிரப்பிய படிவம்

மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று ரிப்போர்ட் வந்த அன்று நான் அழவில்லை. கீமோ கொடுத்தால் கருமுட்டைகள் அழிந்துபோகலாம், பிற்பாடு குழந்தை வேண்டுமென்றால் இப்போதே எடுத்து உறையவைத்துவிடலாம், இரண்டு வாரம் ஆகும் என்றார் டாக்டர். அதுவரை கட்டி சும்மா இருக்குமா என்று கேட்டேன். இருக்கும் என்றுதான் நினைக்கிறோம் என்றார். அந்த 'நினைக்கிறோம்' என்ற சொல்லோடுதான் வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு முப்பத்தொரு வயது, கல்யாணம் ஆகவில்லை. நாங்கள் குடியிருந்த ஜனக்புரி முழுக்க வரன் விசாரித்துக்கொண்டிருந்த அம்மா, என் ஜாதகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். நான் குளிக்கும்போதெல்லாம் கட்டியைத் தடவிப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அது நேற்றைவிடப் பெரிதாகத் தோன்றியது.

கருமுட்டைகளை வளரவைக்கும் ஊசி தொடங்குவதற்குமுன் கிளினிக்கில் ஏழு பக்கப் படிவம் கொடுத்தார்கள். அப்பா மத்திய அரசில் கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டில் எந்தப் படிவமும் அவரிடம்தான் போகும். முதலில் பென்சிலில் நிரப்புவார். அதன்மேல் நாங்கள் பேனாவால் எழுத வேண்டும். "ஒரு கட்டம் காலியா இருந்தாலும் ஃபைல் திரும்பி வந்துடும்" என்பது எங்களுக்கு மனப்பாடம்.

மறுநாள் காலை பேனாவோடு உட்கார்ந்தேன். ஆறாம் பக்கத்தில் ஒரு கேள்வி: நீங்கள் இறந்துவிட்டால் கருமுட்டைகளை என்ன செய்வது? அழித்துவிடலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று இரண்டு கட்டங்கள். இரண்டிலும் டிக் இல்லை. பக்கத்தில் பென்சிலில், அப்பாவின் குண்டு எழுத்தில், 'நாட் அப்ளிகபிள்'.

"அப்பா, இத திருப்பிக் கொடுத்துடுவாங்க. ஒரு நாள் வீணாயிடும்."

"அது நமக்குப் பொருந்தாதும்மா. மேல எழுது, ஜல்தி."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் எத்தனை பேர் படிவத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்! அவருக்கா தெரியாது? அப்பாவே இப்படிப் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். வழக்கம்போல் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் வைத்துக்கொண்டார்.

கிளினிக்கில் இருந்த பெண் பக்கங்களைப் புரட்டி ஆறாம் பக்கத்தில் நின்றாள். "மேடம், யே தோ பர்னா படேகா" என்றாள். நிரப்பித்தான் ஆக வேண்டுமாம்.

"தண்ணி வாங்கிண்டு வரேன்" என்று அப்பா எழுந்து போனார். தண்ணீர் பாட்டில் அவர் கையிலேயே இருந்தது. நான் 'அழித்துவிடலாம்' என்பதில் டிக் போட்டேன். அரைமணி நேரத்தில் முதல் ஊசி போட்டார்கள்.

முட்டைகளை எடுத்து, கீமோவும் முடிந்து, இரண்டு வருஷம் ஆகிறது. ஆறு மாதத்துக்கொருமுறை பரிசோதனை. அதற்கு முந்தின வாரம் இன்னமும் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நான் டிக் போட்ட படிவம் கிளினிக்கில் இருக்கிறது. அப்பாவின் ஃபைலில் இருப்பது அந்தப் பழைய ஜெராக்ஸ்தான். நான் இறந்துவிட்டால் என்ற கேள்விக்கு அதில் இன்னும் 'பொருந்தாது' என்றே இருக்கிறது. பரிசோதனைக்குப் போகும்போது அந்த ஃபைலைத்தான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.