மூக்காயியின் கைச்சோறு

1961 ஆகஸ்ட் 10ஆம் தேதி கார்டு வந்தது. மதுரைப் பக்கத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் மூக்காயியின் புருஷன் காத்தமுத்துவுக்குப் படுக்கை கிடைத்துவிட்டது, 28ஆம் தேதி திங்கட்கிழமை வந்து சேரவேண்டும். மூக்காயி விரல்விட்டு எண்ணினாள். பதினெட்டு நாள். அதற்குள் ஒரு நாயைத் தன் கையால் சாப்பிட வைத்தாகவேண்டும்.

நாயின் பெயர் கருவாயன். செம்பட்டை உடம்பும் கரிபூசிய மாதிரி வாயும் கொண்ட கோம்பை நாய். பேகம்பூருக்குத் தெற்கே முகமது பாரூக்கின் தோல் பதனிடுகிற ஷாப்புக்கு அதுவும் காத்தமுத்துவும்தான் காவல். ஷாப்பின் மூலையில் ஓடு போட்ட ஓர் அறைதான் அவர்களுக்கு வீடு. ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரின் நாற்றம் சோற்றிலும் துணியிலும் ஏறியிருக்கும். பெற்ற இரண்டு பெண்களையும் அந்த அறையிலிருந்துதான் கட்டிக்கொடுத்தார்கள்.

கருவாயனுக்கு முன்னால் அங்கே இரண்டு நாய்கள் இருந்தன. இரண்டும் ஒரே விதமாகச் செத்தன. தோல் திருட வந்தவர்கள் கறித்துண்டில் எட்டிக்கொட்டைப் பொடியை வைத்துச் சுவருக்கு மேலே வீசினார்கள். அடுத்த நாயை வாங்கியபோது காத்தமுத்து முடிவு செய்துவிட்டார்: இது என் கையைத் தவிர வேறு கையில் தின்னக்கூடாது.

பழக்க வேண்டிய நாளில் அவர் கூப்பிட்டது மூக்காயியை.

"எங் கையில எதுக்கு? தெருவுல போற எவனையாச்சும் கூப்பிட்டுக் குடுக்கச் சொல்லுங்க."

"தெருவுல போறவன் கையில திங்காம இருக்கிறது பெருசில்ல புள்ள. வீட்டுல பொழங்குற உங் கையிலயே திங்கலைன்னா, அப்புறம் ஊருல எவன் கையிலயும் திங்காது."

கறித்துண்டைக் கீறி உள்ளே மிளகாய்ப்பொடி அடைத்து அவள் நீட்டினாள். ஆறு மாதக் குட்டி வாலாட்டிக்கொண்டு ஓடி வந்து கவ்வியது. அது கத்திய கத்தலில் பட்டை இடிக்கிற பெண்கள் உலக்கையை நிறுத்தினார்கள். மூக்காயிக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளும் நீட்டச் சொன்னார். நாற்பது நாள். பத்தாம் நாளே குட்டி அவள் கையைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. "மறந்துரக்கூடாதுல்ல" என்று மிச்ச முப்பது நாளும் நீட்ட வைத்தார். கீழே கிடப்பதை மோந்தால் மூக்கில் ஒரு தட்டு. அதன் பிறகு தோலிலிருந்து சீவிப்போட்ட சவ்வுக் குவியலுக்கு நடுவே படுத்துக்கிடந்தாலும் கருவாயன் நாக்கை நீட்டியதில்லை.

மற்றபடி அவர் நாயை வைத்திருந்த மாதிரி யாரும் வைத்திருக்கவில்லை. தினமும் காது மடலைத் திருப்பி உண்ணி எடுப்பார். வெள்ளிக்கிழமை வேப்பெண்ணெயும் மஞ்சளும் பூசிக் குளிப்பாட்டு. மாதம் ஒருமுறை வயிறு சுத்தமாக விளக்கெண்ணெய். வருஷம் தவறாமல் மாட்டாஸ்பத்திரியில் வெறிநாய் ஊசி. அங்கே கம்பவுண்டர் அருள்நாதன், "நாயைப் பாக்கணும்னா காத்தமுத்து நாயைப் பாக்கணும்ப்பா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். காலையும் மாலையும் தட்டு எதிரே வந்து கருவாயன் உட்காரும். காத்தமுத்து ஒருமுறை இருமுவார். கையில் சோற்று உருண்டையை வைத்து "எடு" என்பார். அப்புறம்தான் வாய் திறக்கும்.

அந்த இருமலை அப்போது யாரும் நோய் என்று நினைக்கவில்லை.

கார்டு வந்த அன்றே பாரூக் சொன்னார்: "நீ ஒடம்பைத் தேத்திக்கிட்டு வா காத்தமுத்து. மூக்காயியும் நாயும் காவலைப் பாக்கட்டும், ரூம் ஒங்களோடதுதான். ஆனா நாயி இருக்கணும்ப்பா. நாயி இல்லாம ஒத்தப் பொம்பளைய நம்பி இம்புட்டுத் தோலைப் போட்டுவைக்க என்னால ஆகாது."

முதல் நான்கு நாளும் மூக்காயி கையில் உருண்டையோடு உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம். கருவாயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்தது.

"ஏத்தா மூக்காயி, ஒரு மீசைய ஒட்டிக்கிட்டுப் போயி நில்லு. அவருன்னு நெனச்சுத் தின்னுரும்" என்றாள் பட்டை இடிக்கிற பொன்னழகு.

"மீசைதான? உம் புருசன் சும்மா வளத்து வச்சிருக்காரே, அதை எடுத்துட்டு வா" என்றாள் மூக்காயி. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

பன்னிரண்டாம் நாள் காத்தமுத்து வேறு வழி பார்த்தார். அவள் உள்ளங்கையில் உருண்டை, அவள் புறங்கைக்கு அடியில் அவர் கை. "எடு" என்றார். கருவாயன் நெடுநேரம் மோந்தது. பிறகு தின்றது. பற்கள் மூக்காயியின் விரலில் உரசின. அந்த மிளகாய்ப்பொடி நாட்களுக்குப் பின் ஐந்து வருஷத்தில் அந்த வாய் அவள் கையில் பட்டது அன்றுதான்.

மறுநாள் அவர் கையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தின்றது. அடுத்த நாள் வாசலில் நின்று சொன்னார். அப்போதும் தின்றது. ஆனால் அவர் குரல் கேட்காவிட்டால் இல்லை. அவள் நூறுமுறை "எடு" சொன்னாலும் எச்சில் ஒழுகித் தரையில் சொட்டுமே தவிர வாய் திறக்காது.

"இன்னும் பத்து நா இருந்தா மாத்திப்புடுவேன்" என்றார்.

"பத்து நா கழிச்சு வாரோம்னு எழுதிப்போடச் சொல்லவா?"

அவர் பதில் சொல்வதற்குள் இருமல் வந்துவிட்டது. துண்டை அவளிடம் காட்டாமல் மடித்துக்கொண்டார். அதற்கு மேல் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

28ஆம் தேதி காலையில் கடைசி உருண்டையை அவரே கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

அன்று மாலை மூக்காயி அவர் சட்டையைப் போட்டுக்கொண்டாள். தலையில் அவர் துண்டு. தட்டின் முன்னால் குந்தி, அவர் இருமுகிற மாதிரியே அடித்தொண்டையிலிருந்து ஒருமுறை இருமினாள். கருவாயன் காதை விடைத்தது. ஒரே பாய்ச்சலில் எழுந்து அவளைத் தாண்டிக் கேட்டுக்கு ஓடியது. கம்பிக்கு முன்னால் நின்று ரோட்டைப் பார்த்தது. இருட்டுகிறவரை திரும்பி வரவில்லை. அதன் பிறகு அவள் இருமவில்லை.

தண்ணீர் மட்டும் குடித்தது. ஏழாம் நாள் அருள்நாதனைக் கூப்பிட்டுவந்தாள். மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாய்க் கொட்டத்தில் பால் ஊற்றி, வாயைப் பிளந்து விட்டார்கள். கருவாயன் கடிக்கவில்லை. வீட்டு ஆளைக் கடிக்காதபடியும் அது பழகியிருந்தது. விட்டதையெல்லாம் அப்படியே கக்கியது.

"ஆளைக் காட்டுனாத்தான் உண்டு" என்றார் அருள்நாதன்.

பாரூக்கிடம் ஓடினாள். செவ்வாய்க்கிழமைதோறும் மதுரைக்குத் தோல் ஏற்றிப் போகிற லாரியில் நாயை ஏற்றிக்கொள்ளலாம் என்றார். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டுவரச் செப்டம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் நேரத்துக்குப் போனாள். கேட்டிலேயே முடிந்துவிட்டது. நாயை உள்ளே விடமாட்டார்கள். நோயாளியைக் கேட்டுக்கு வெளியே விடமாட்டார்கள். வார்டு நர்ஸ் அமலராணி அவளைத் தனியே அழைத்துச் சொன்னாள்: "அவருகிட்ட நாய்ப் பேச்சே எடுக்காதீங்கம்மா. இப்பவே போறேன் போறேன்னுதான் நிக்கிறாரு. எந்திரிச்சுப் போயிட்டா பெட்டு அடுத்த ஆளுக்குப் போயிரும். இன்னொரு கார்டு வராது."

மூக்காயி கட்டிலருகே போய் நின்றாள்.

"சாப்டுதா?" என்றார் காத்தமுத்து. வேறெதையும் கேட்கவில்லை.

"சாப்டுது."

"எங் குரல் இல்லாமயா?"

"ஆமா. எங் கையிலயே."

அவர் முகம் மலர்ந்தது. சற்று நேரத்தில் சுருங்கியது. "அப்ப இனிமே எவன் குடுத்தாலும் திங்கும். காவலுக்கு ஆகாது. அம்புட்டுப் பாடும் போச்சு" என்றார். பிறகு, "போகுது. உசுரோட இருக்குல்ல" என்றார்.

"இருக்கு" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது வலது கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டாள். மிளகாய்ப்பொடி அடைத்த கை. நாற்பது நாளில் ஒருநாளாவது வெறுங்கறியை நீட்டியிருக்கலாம். அவர் ஆட்டுக்காலுக்குக் கடைக்குப் போன நேரங்கள் இருந்தன. நீட்டத்தான் நினைத்தாள். சொன்னபடி கேட்டுப் பழகிவிட்டதால் நீட்டவில்லை.

14ஆம் தேதி வியாழக்கிழமை காலை, உருண்டையோடு அவள் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோது கருவாயன் எழுந்து வர முயன்றது. பின்கால்கள் வரவில்லை. கிடந்த இடத்திலிருந்தே தட்டைப் பார்த்தது. அவள் கையை அதன் வாய்க்குக் கீழே வைத்தாள். "எடுடா. எங் கைதான் அப்பு. ஒண்ணும் இல்லைடா, எடு." அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. திருப்புவதற்கு மட்டும் அதற்குத் தெம்பு இருந்தது. ஷாப்பின் சங்கு ஊதுவதற்குள் செத்துப்போனது.

ஆவாரம்பட்டைச் சக்கை கொட்டுகிற மேட்டுக்குப் பின்னால் புதைத்தார்கள். பாரூக் கெட்டவரில்லை. மாசக் கடைசிவரை இருந்துகொள்ளச் சொன்னார். ஒன்றாம் தேதி வேறொரு காவல்காரன் நாயோடு வந்துசேர்ந்தான். மூக்காயி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு நெய்க்காரப்பட்டியில் தங்கச்சி வீட்டுக்குப் போய், தோட்டங்களில் களைவெட்டினாள். நாயின் தட்டையும் கொண்டுபோயிருந்தாள்.

மாதம் ஒரு ஞாயிறு பழனியிலிருந்து பஸ் மாறி மாறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஒவ்வொரு முறையும் அவர் கேட்டார். ஒவ்வொரு முறையும் அவள் சாப்டுது என்று சொன்னாள்; அறை போனதையும் சொல்லவில்லை. உண்ணி எடுத்தியா என்பார், எடுத்தேன் என்பாள். ஊசிக்குக் கூட்டிப்போனியா என்பார், போனேன் என்பாள். டிசம்பரில் அவருக்கு எடை கூடியிருந்தது. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. "கருவாயன் என்னைய அடையாளம் கண்டுக்கிருமா புள்ள?" என்றார். அவள் ஆரஞ்சுப்பழத்தை உரித்துக்கொண்டே இருந்தாள்.

புதுவருஷத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து கார்டு தோல் ஷாப் விலாசத்துக்கு வந்து, அங்கிருந்து நெய்க்காரப்பட்டிக்குப் போனது. ஜனவரி 8, திங்கட்கிழமை காத்தமுத்து வீட்டுக்குப் போகலாம், அழைத்துப்போக ஓர் ஆள் வரவேண்டும் என்று எழுதியிருந்தது.